கடலடி வெந்நீரும் கருநீல லாட்டும்

சாயப்பட்டறைகளுக்கு மருந்து விற்கும் தொழிலில் பாதி வாழ்க்கை கேட்டில் நிற்பதிலும், மீதி வாழ்க்கை கேனுக்குள் என்ன இருக்கிறது என்று விளக்குவதிலும் போய்விடும். திருப்பூர்ச் சாலைகளில் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் சாம்பிள் கேனை நிறுத்திக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் வியர்த்து வழிந்து, "மாஸ்டர் சாப்பிடப் போயிருக்காருங்க" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன என் இனத்தாரே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சோப்பு ஆயிலும் சாஃப்ட்னரும் விற்றீர்கள். நான் விற்றது ஆழ்கடலின் அடியில், கொதிக்கும் ஊற்றுகளின் ஓரத்தில் பிழைக்கிற ஒரு நுண்ணுயிரின் சாமர்த்தியத்தை. அதனால் விளக்குகிற பங்கு எனக்கு உங்களைவிடக் கொஞ்சம் கூடுதல்.

பயிற்சி வகுப்பு

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு ஒரு என்சைம் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்தேன். முதல் வாரமே பயிற்சி. சரக்கு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாயம் ஏற்றுவதற்கு முன் துணியை பெராக்சைடு போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெளுப்பார்கள். வெளுத்து முடிந்ததும் மிச்சமிருக்கும் பெராக்சைடை முறித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது சாயத்தைத் தின்றுவிடும், துணி திட்டுத்திட்டாகிவிடும். முறிக்கிற வழக்கமான என்சைம் சூடு தாங்காது. ஆகவே வெந்நீரை வடித்து, புதுத் தண்ணீர் விட்டு, ஆறவைத்து, அப்புறம்தான் அதைப் போடுவார்கள். எங்கள் என்சைமை அந்தச் சூட்டிலேயே ஊற்றலாம். மெஷின் கொள்ளும் தண்ணீர் ஒரு முறை அப்படியே மிச்சம்.

சூடு தாங்குவதற்குக் காரணம் காட்ட ஒரு வீடியோ போட்டார்கள். சூரிய வெளிச்சம் துளிகூட எட்டாத ஆழம். பாறை வெடிப்புகளில் இறங்கிய கடல்நீர் பூமியின் சூட்டில் கொதிநிலைக்கு ஏறி, கந்தகத்தையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு, புகைபோக்கி போல நிற்கும் கல்குழாய்கள் வழியே கன்னங்கரேலென்று பீறிட்டுக்கொண்டிருந்தது. செடி இல்லை, பாசி இல்லை. ஆனால் அதைச் சுற்றி ஒரு ஊரே குடியிருந்தது. ஆளைவிட உயரமான வெள்ளைக் குழாய்களில் இருந்து சிவப்புக் கொண்டையை நீட்டிக்கொண்டு நிற்கும் புழுக்கள், சிப்பிகள், நண்டுகள். அந்தப் புழுக்களுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. நமக்கு விஷமான, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற வாயுவை அவை உறிஞ்சிக் கொடுக்க, உடம்புக்குள் குடிவைத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைக்கொண்டு சமைத்துப் போடுகின்றன. எங்கள் என்சைமின் மூலவித்து அப்படிப்பட்ட ஒரு ஊற்றின் ஓரத்து நுண்ணுயிரில் கிடைத்தது என்றும், இப்போது அதைத் தொழிற்சாலைத் தொட்டியில் வளர்க்கிறார்கள் என்றும் சொன்னார்கள்.

கூட இருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வகுப்பு முடிந்ததும் எங்கள் மேனேஜரிடம் போய், இந்தக் கதையைச் சொல்லித்தான் நான் விற்பேன் என்றேன். சூட்டில் என்சைம் கெட்டுப்போகும் என்று திருப்பூரில் சாயம் ஏற்றும் பொறுப்பில் இருக்கிற எல்லா மாஸ்டருக்கும் தெரியும், காரணம் சொல்லாமல் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று வாதாடினேன். அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டே சொன்னார்: "பியூலா, டையிங் மாஸ்டருக்குக் கடலும் வேண்டாம் புழுவும் வேண்டாம், தண்ணி மிச்சம்னு சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க."

இன்டர்காம்

நான் போன முதல் பட்டறையும், இங்கே சொல்லப்போகிற எல்லாம் நடந்த பட்டறையும் ஒன்றுதான். அனுப்பர்பாளையம் தாண்டி உள்ளே போக வேண்டும். முதலாளி சென்னியப்பன். கேட்டில் இருந்த பெரியவர் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். கம்பெனி பெயரைச் சொன்னேன். அது அவர் வாயில் நுழையவில்லை. என்ன சாமான் என்று கேட்டார்.

கெமிக்கல் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். பயிற்சி முடிந்த சூட்டில் இருந்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முழுதாகக் கேட்டார். அத்தனை ஆழத்தில் யார் போய்ப் பார்த்தது என்று விசாரித்தார். மனிதர்கள் இறங்கும் நீர்மூழ்கிகளும் இருக்கின்றன, மேலே கப்பலில் இருந்தபடி ஓட்டுகிற எந்திரங்களும் இருக்கின்றன என்று விளக்கினேன். திருப்தியோடு தலையாட்டிவிட்டு இன்டர்காமை எடுத்தார்: "மாஸ்டருங்களா, கடலுக்கு அடியில இருந்து ஒரு அம்மிணி வந்திருக்குதுங்க, உள்ள உடட்டுங்களா?"

பிரஷர்

டையிங் மாஸ்டர் ரங்கநாதனுக்கு ஐம்பது வயதிருக்கும். நகக்கண்களில் எப்போதும் முந்தைய நாள் ஷேடு ஒட்டியிருக்கும். நான் சொன்னதை நின்றபடியே கேட்டுவிட்டு, உயிர்ச் சாமானம் எதுவும் அந்தச் சூட்டில் நிற்காது, வேறு பட்டறை பாருங்கள் என்றார். என்சைமுக்கு உயிர் கிடையாது, அது உயிர் செய்துகொள்கிற ஒரு கருவி, கொதிக்கிற ஊருக்குத் தக்கபடி அந்த உயிர் கருவியையும் கெட்டியாகச் செய்துகொள்கிறது என்றேன். ஊற்றிலிருந்து வரும் நீர் முந்நூறு டிகிரிக்கு மேலேகூட இருக்கும் என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். நூறைத் தாண்டினால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அப்புறம் ஊற்று ஏது என்றார்.

அவருக்குப் பின்னால் பாலியஸ்டர் ஓடும் மெஷின் நின்றது. அதில் நூற்று முப்பது டிகிரியில் தண்ணீர் கொதிக்குமா என்று கேட்டேன். பிரஷர் இருக்கும்போது எப்படிக் கொதிக்கும் என்றார். கடலடியிலும் அதேதான், மேலே மைல் கணக்கில் நிற்கிற தண்ணீர்தான் அங்கே பிரஷர் என்றேன். நுண்ணுயிர் அந்த ஊற்றின் வாய்க்குள் இருப்பதில்லை, சற்றுத் தள்ளி, கொதிநீரும் குளிர்நீரும் கலக்கிற இடத்தில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். மெஷினைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். அரைமணி நேரம் பேசினோம். இந்தியப் பெருங்கடலில் அப்படியொரு ஊற்றோரம் இரும்பு கலந்த செதில்களைக் காலில் போர்த்திக்கொண்டு ஒரு நத்தை இருக்கிறது என்றதும் படம் காட்டச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் லேபில் சின்னத் துண்டுத் துணியில் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார். ஆனால் வாசல்வரை கூட வந்து ஒன்று சொன்னார்: "எல்லாஞ் சரிங்க, அந்தக் கடல்ல ஷேடு மாறிப்போச்சுன்னா யாரும் துணியத் திருப்பி அனுப்பமாட்டாங்க, இங்க அனுப்பிப்போடுவாங்க."

இதமான இடம்

லேபில் தேறியது. ஒரு கேன் வாங்கினார்கள். அப்போது சாயமே ஏற்றாத வெள்ளைத் துணி லாட்டுகளாக ஓடிக்கொண்டிருந்ததால் கேன் சில வாரங்கள் ஸ்டோரிலேயே கிடந்தது. பிறகு ஏற்றுமதிக்கான கருநீல லாட் ஒன்று வந்தது. நான் அன்று ஈரோட்டில் இருந்தேன். லேபில் தேறிய மருந்துதானே என்ற நம்பிக்கையில், பெராக்சைடு மிச்சம் இருக்கிறதா என்று காட்டும் சோதனைக் காகிதத்தை நனைத்துப் பார்க்காமலே சாயத்தை ஏற்றிவிட்டார்கள். துணி வெளியே வந்தபோது முதுகில் தேமல் விழுந்த மாதிரி இருந்தது.

போன் வந்ததும் ஓடினேன். சென்னியப்பன் துணியைத் தரையில் விரித்துப் போட்டிருந்தார். சத்தம் போடவில்லை. கொங்கு நாட்டில் முதலாளி சத்தம் போடாவிட்டால்தான் பயப்பட வேண்டும். ஒரு டம்ளர் வெந்நீரில் பெராக்சைடு கலந்து, கேனில் மிச்சமிருந்த மருந்தைச் சொட்டு விட்டுக் காகிதத்தை நனைத்தேன். நீலமாக மாறியது. மருந்து முறிக்கவே இல்லை, முழுக்கச் செத்துப்போயிருந்தது. கேன் எங்கே இருந்தது என்று கேட்டேன். ஸ்டோர் கீப்பர் தனபால் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். பாய்லர் சுவர். கை வைக்க முடியாத சூடு. மெஷினுக்குள் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் வேலை பார்ப்பது வேறு, வாரக்கணக்கில் வெந்துகொண்டே கிடப்பது வேறு. தனபால் ரொம்ப மனவருத்தத்தோடு சொன்னார்: "நீங்கதானுங்களே அது சூட்டுல பொறந்து வளந்த சாமானம்னு சொன்னீங்க, அதான் குளுந்து போகாம இதமா இருக்கட்டும்னு இங்க வெச்சனுங்க."

கருப்பு

நல்ல வேளையாக அதே ஆர்டரில் கருப்பும் இருந்தது. தேமல் விழுந்த துணியைக் கருப்பாக்கினார்கள், கருநீலத்துக்குப் புதுத் துணி எடுத்தார்கள். அந்த வேலை முடியும்வரை நான் பட்டறையை விட்டு நகரவில்லை. என்னைப் போகச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை, இருக்கச் சொல்லவும் தோன்றவில்லை. ரங்கநாதன் மட்டும் டீ வந்தபோது எனக்கும் ஒரு டம்ளர் நகர்த்தி வைத்தார். கிளம்பும்போது சென்னியப்பன் தன் அறையிலிருந்து வெளியே வந்து, கும்பிடாத குறையாகச் சொன்னார்: "அம்மிணி, உங்க மேல தப்புன்னு சொல்லலீங்க, ஆனா இனிமேல்ப்பட்டு இந்தப் பக்கம் வந்துறாதீங்க."

அம்மாவின் கேள்வி

திருப்பூரில் ஒரு பட்டறையில் துணி கெட்டால் சாயங்காலத்துக்குள் எல்லாப் பட்டறைக்கும் தெரிந்துவிடும். அடுத்த நாட்களில் போன இடமெல்லாம் மாஸ்டர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேனேஜர் கூப்பிட்டு, நான் துணியை மிருதுவாக்கும் சாஃப்ட்னர் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம், அதில் கதை எதுவும் தேவைப்படாது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம். அம்மா இன்னும் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். பகல் முழுக்க நின்றபடி பனியனில் ஓட்டை தேடுகிறவள். நான் வந்து செருப்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, சோறு எடுத்து வைத்தபடியே என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். மேனேஜர் சொன்னதையும் சொன்னேன். மருந்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் புழுவைத்தான் மறுபடி மறுபடி விசாரித்தாள். ஊற்று திடீரென்று அடைந்துபோனால் அவை என்ன செய்யும் என்றாள். அந்த இடத்தில் உள்ளவை செத்துவிடும், ஆனால் அதற்குள் அவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்துபோய் வேறு ஊற்று கிடைத்தால் அங்கே ஒட்டிக்கொள்ளும் என்றேன். வெளிச்சமே இல்லாமல் எப்படித் தேடும் என்றாள். அது விஞ்ஞானிகளுக்கே இன்னும் சரியாகத் தெரியாது என்றேன். குழம்பை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்: "ஏட்டி, வாயும் வயிறும் இல்லாத சீவனே அம்புட்டு இருட்டுல பொழைக்க எடம் தேடிப் போவுதுன்னா, ரெண்டும் இருக்கிற நீ நாளைக்கு வேலைக்குப் போவாம இருப்பியாக்கும்?"

நைட் ஷிப்ட்

சாஃப்ட்னர் வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். ஒரு காரியம் செய்தேன். 'வேலை செய்வது சூட்டில், வைப்பது குளிர்ச்சியில்' என்று தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் அடித்து எல்லாக் கேன்களிலும் ஒட்டினேன். பிறகு ஒவ்வொரு பட்டறையாகப் போய், கெட்டது எதனால் என்று நானே முதலில் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் உட்காரச் சொன்னார்கள். ஆர்டர் மட்டும் வரவில்லை.

கோடை முற்றியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பழுது பார்க்கும் வேலை நடந்ததால், பட்டறைகள் எல்லாம் கழிவுநீரைக் குறைத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். தண்ணீரைக் குறைத்தால் லாட் குறையும், லாட் குறைந்தால் கப்பல் தவறும். ஒரு நாள் ரங்கநாதன் போன் செய்து, அந்தக் கடல் சாமானம் இருக்கிறதா என்று கேட்டார். முதலாளிக்குத் தெரியுமா என்றேன். முதலாளிதான் கேட்கச் சொன்னார் என்றார். இரண்டு விஷயம் கேட்டேன். கேன் எங்கே இருக்க வேண்டும் என்பதை நான் சொல்வேன், காகிதம் வெள்ளையாக இருப்பதைப் பார்க்காமல் சாயம் ஏறக்கூடாது. அந்தப் பட்டறையில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சென்னியப்பனின் ஏசி அறை. மறுபேச்சில்லாமல் தன் மேஜைக்கு அடியில் கால் வைக்கும் இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார்.

மெஷினில் ஆபரேட்டர் பிகாஷ் இருந்தார். ஒடிசாக்காரர், வந்த சில வருடத்தில் தமிழ் பிடித்துக்கொண்டவர். என் அரைகுறை இந்தியும் அவர் தமிழும் சேர்ந்து ஒரு வழியாக விஷயம் புரிந்தது. தண்ணீரை வடிக்காமல், கொதிசூட்டிலேயே மருந்தை ஊற்றினார். துணி சுற்றிக்கொண்டிருந்தது. நான் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பேச்சுக் கொடுத்தார். அங்கே பகலே கிடையாதா, விடிவதே இல்லையா என்று கேட்டார். கிடையாது, அந்தப் புகைபோக்கிகள் நிற்காமல் ஓடும், சுற்றியிருப்பவை அதை நம்பி இருட்டிலேயே இருக்கும் என்றேன். மீட்டரைத் துடைத்தபடி யோசித்தார்: "அக்கா, அப்போ அங்க எல்லாருக்கும் எப்பவும் நைட் ஷிப்ட்தானா?"

வெயிலில் ஒரு துண்டு

காகிதத்தை நனைத்தபோது ரங்கநாதன், தனபால், பிகாஷ் மூவரும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். வெள்ளை. இன்னொன்று நனைக்கச் சொன்னார் மாஸ்டர். அதுவும் வெள்ளை. மூன்றாவதை அவரே வாங்கி நனைத்தார். பிறகுதான் சாயம் ஏறியது, அதே தண்ணீரில்.

துணி வெளியே வந்ததும் ஒரு துண்டு வெட்டிக் காயவைத்து வெயிலுக்கு எடுத்துப் போனார். முன்னால் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், ஓரத்தோடு ஓரம் மடித்துப் பார்த்தார். லேபில் நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். திரும்பவும் வெயிலுக்கு வந்தார். கருநீலம் ஒரே சீராக, ஒரு தேமல் இல்லாமல் இருந்தது.   அந்தத் துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாஸ்டர் சொன்னார்: "அடுத்தது டர்க்காய்ஸுங்க மேடம், லேசுல ஒரே சீரா ஏறாத பச்சைநீலம், அதுல நின்னாத்தான் உங்க கடல் நின்னதா நான் ஒத்துக்குவேன்."

சென்னியப்பன் காட்டிய செய்தி

டர்க்காய்ஸிலும் நின்றது. சென்னியப்பன் வழக்கமான வாடிக்கையாளர் ஆனார். கேன் இன்னும் அவர் மேஜைக்கு அடியில்தான். ஒரு நாள் போனபோது, போனில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். கடலடியில் உலோகம் தோண்டி எடுப்பதைப் பற்றியது. நான் சொன்ன ஊற்றுகள் இருக்கிற மாதிரி இடங்களும் இதில் சேருமா என்று கேட்டார். சேரலாம் என்றேன். அந்தக் கல்குழாய்களில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன, அதனால் அவற்றின் மேலும் கண் இருக்கிறது. அங்கே உள்ள சில உயிர்கள் உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஒரு முறை சுரண்டி எடுத்தால் திரும்ப வருமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கம்பெனி செலவில் தொட்டியில் வளர்கிற எங்கள் நுண்ணுயிருக்கு ஆபத்தில்லை, கடலடியில் இருக்கிற அதன் சொந்தபந்தங்களுக்குத்தான் ஆபத்து என்றேன்.

 அவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு வெள்ளகோவில் பக்கம், நொய்யலை ஒட்டித் தோட்டம். ஆற்றில் சாயக் கழிவு வந்த காலத்தில் கிணறு நிறம் மாறியது, தென்னை காய்ப்பதை நிறுத்தியது. நிலத்தை நம்ப முடியாமல் திருப்பூருக்கு வந்த சென்னியப்பன், கடைசியில் தானே ஒரு சாயப்பட்டறை போட்டார். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்று தான் பிடிவாதமாக இருப்பதற்கு அதுதான் காரணம், சட்டம் அப்புறம்தான் என்றார். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்: "எங்க கெணத்துல சாயத்தண்ணி வந்தப்ப யாரும் எங்கள ஒரு வார்த்தை கேக்கலீங்க அம்மிணி, அதுகளையும் யாரும் கேக்கப் போறதில்லீங்க, அதனால நீங்க போற பட்டறையிலெல்லாம் மருந்தோட இதையும் சேத்திச் சொல்லிப்போடுங்க."

அன்றிலிருந்து எல்லாப் பட்டறையிலும் மருந்தைப் பற்றிக் கால் மணி நேரமும் கடலைப் பற்றி அரை மணி நேரமும் பேசுகிறேன். என் மாத டார்கெட் ஆழ்கடலைவிட ஆழத்தில் கிடந்தாலும், அந்த ஊற்றுகளைப் பற்றிக் கேள்விப்படாத மாஸ்டர் ஒருவர்கூடத் திருப்பூரில் மிஞ்சக்கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.